தங்கம் டீச்சர் வரக்கூடாத முப்பது நாள்

ஜூலை 1, செவ்வாய்

இன்று முதல் முப்பது நாளைக்கு நான் வேம்பு இல்லத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் கட்டடம் போச்சு. நான் ஆரம்பித்த இல்லம், நான் நட்ட கேட், நான் பேர் எழுதிய போர்டு. அதற்குள் நான் போகக் கூடாதாம். எப்படி இருக்கிறது கதை!

இப்படிச் சொன்னவர் சென்னையிலிருந்து வந்த கௌசிக். அவர் வேலை பார்க்கும் அறக்கட்டளை எங்களுக்கு ராத்திரி தங்கும் கட்டடம் ஒன்றும், மூன்று வருடத்துக்கு ஆட்களின் சம்பளத்தில் பாதியும் தருவதாக இருக்கிறது. இந்தக் கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருடமாக மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம். நாற்பத்திரண்டு பேர், என்ன வயதானாலும் எங்களுக்குப் பிள்ளைகள்தான். காலையில் வண்டி போய்க் கூட்டி வரும், சாயங்காலம் வீட்டில் விடும். ராத்திரிக்கு அப்பா அம்மா பார்த்துக்கொள்வார்கள். அந்த அப்பா அம்மாக்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. போன வருடம் மட்டும் நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அந்தக் கட்டடம் எங்களுக்கு அலங்காரத்துக்கு இல்லை.

கௌசிக் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார், காப்பி குடித்தார், கடைசியில் கேட்டார்.

"உங்களுக்கு அப்புறம் யாரு மேடம்?"

"எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். அறுபத்துநாலு வயது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

"நீங்க இல்லாம ஒரு மாசம் ஓடட்டும் மேடம். போன் கூடாது. இல்லத்துக்காக வெளியாட்கள்கிட்ட பேசறதும் கூடாது. முப்பத்தொண்ணாம் தேதி நான் வரேன். ஓடியிருந்தா கையெழுத்து."

"முப்பது நாள் என்ன, அறுபது நாளும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது எப்போதும் நமக்கு முன்னால் போய்விடுகிறது. பரவாயில்லை. மூன்றாம் நாளே ஜெபக்கனி அழுதுகொண்டு கூப்பிடுவாள்.

ஜெபக்கனிக்கு முப்பத்துநாலு வயது. சாத்தான்குளத்துப் பிள்ளை. சிறப்பு ஆசிரியர் படிப்பு படித்துவிட்டு ஒன்பது வருடத்துக்கு முன் வந்தாள். இந்த மாதம் அவள்தான் தலைமை. நேற்றுச் சாயங்காலம் ஒரு புது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், யாரு யாரு எந்தெந்த நாளைக்குச் சாப்பாடு போடுவாகன்னு சொல்லிருங்க. எழுதிக்கிடுதேன்."

எங்களுக்குப் பணமாகக் கொடுப்பவர்கள் கொஞ்சம். சாப்பாடாகப் போடுபவர்கள்தான் அதிகம். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி, அம்மா திதி. அமாவாசை என்றால் மூன்று நாலு பேர் கேட்பார்கள். ஒருவருக்குக் காலை இட்லி, ஒருவருக்கு மதியச் சாப்பாடு, ஒருவருக்குச் சாயங்காலச் சுண்டல் என்று பிரித்து விடுவேன். இருபத்திரண்டு வருடமாக எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ஒரு நாள் பிசகியதில்லை.

ஞாபகம் வந்தவர்களைச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வருவார்களா என்ன?

ஜூலை 2, புதன்

பரணைச் சுத்தம் செய்தேன். எட்டே முக்காலுக்கு வண்டி வந்தது. மந்திரம் போய் ஏறிக்கொண்டான்.

மந்திரம் என் தம்பி. ஐம்பத்தொரு வயது. அவனும் வேம்பில்தான் இருக்கிறான், முதல் நாளிலிருந்து. அவனை வைத்துத்தான் வேம்பே ஆரம்பித்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படியெல்லாம் சொல்வதில்லை. பொதுச் சேவை பொதுச் சேவைதான்.

டிரைவர் என்னைப் பார்த்துப் பாவப்படக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

போன் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

போன் வேலை செய்கிறதா என்று பார்க்க எதிர்வீட்டு அம்மாளை விட்டு ஒரு தடவை அடிக்கச் சொன்னேன். நன்றாகவே அடிக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மார்க்கெட்டில் பேச்சித்தாயைப் பார்த்தேன். அவள் மகன் கருத்தப்பாண்டி எங்களிடம் பதினெட்டு வருடமாக வருகிறான். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துப் பார்த்து அவள் விரலெல்லாம் வளைந்துவிட்டது. இப்போது எழுபத்துமூன்று வயது. என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். வருகிறது புகார் என்று நினைத்தேன். பாவம், என்ன கஷ்டப்பட்டார்களோ.

"டீச்சர், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நல்லா ரெஸ்ட் எடுங்க. அங்கன ஒரு கொறையும் இல்ல. ஜெபா பாப்பா தங்கமா பாத்துக்கிடுதா. நம்ம பய இப்ப அவனே தட்டு கழுவுதாம்லா!"

"அப்படியா, சந்தோசம்" என்றேன்.

கத்தரிக்காய் சொத்தையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரனைத் திட்ட வேண்டும்.

ஜூலை 9, புதன்

மந்திரத்திடம் தினமும் விசாரிக்கிறேன். அக்கா தம்பியிடம் பேசக் கூடாது என்று கௌசிக் சொல்லவில்லையே.

"இன்னைக்கு ஜெபா என்ன செஞ்சா?"

"சாம்பார்."

"அது மாடத்தி அக்கா செஞ்சது. ஜெபா என்ன செஞ்சா?"

யோசித்தான். "சிரிச்சா" என்றான்.

உளவுக்கு ஆள் வைத்தாலும் இப்படி ஒரு ஆளையா வைப்பது!

ஜூலை 11, வெள்ளி

காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடக் கையை நீட்டினேன். ஐம்பது வருடமாக நான்தான் போட்டுவிடுகிறேன். அம்மா இருக்கும்போதும் நான்தான். மந்திரம் என் கையைத் தள்ளிவிட்டான்.

"நானே."

மேல் பொத்தானை மூன்றாவது ஓட்டையில் மாட்டினான். கழற்றினான். மறுபடி மாட்டினான். வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவன் நிமிரவே இல்லை. ஐந்து பொத்தானுக்குப் பதினொரு நிமிடம். டிரைவர் காத்திருந்தார். ஜெபக்கனி சொல்லி வைத்திருக்கிறாளாம், பொத்தான் போட்டு முடிக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் நின்று ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று. அப்படி நின்றால் டீசல் என்ன ஆகும், நேரம் என்ன ஆகும்? என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசிப் பொத்தான் மாட்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வை! கலெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. தூசி பட்டுக் கண் எரிந்துகொண்டே இருந்தது.

ஜூலை 12, சனி

பரமசிவம் அண்ணாச்சி போன் செய்தார். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. ஆடி அமாவாசைக்கு அவர் அப்பா பேரில் மதியச் சாப்பாடு எங்களுக்குத்தான் போடுவார், வருடம் தவறாமல்.

"என்ன டீச்சர், இருவத்துநாலு அமாவாசை. வழக்கம்போல மதியந்தானே?"

"வழக்கம்போலதான் அண்ணாச்சி. வாங்க."

அவ்வளவுதான் பேசினேன். நான் கூப்பிடவில்லை, அவர்தான் கூப்பிட்டார். வீட்டுக்கு வருகிற போனை எடுக்காமல் இருக்க முடியுமா? மரியாதை இல்லையா? இது விதியை மீறியதாகாது என்று நினைக்கிறேன்.

ஜெபக்கனியிடம் நான் சொன்ன பெயர்களில் அண்ணாச்சி இருந்தாரா என்று யோசித்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருக்கட்டும், அண்ணாச்சி எப்படியும் இல்லத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பார்?

ஜூலை 14, திங்கள்

மாவடு தீர்ந்துவிட்டது. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன். நூறு காய். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நூறு காய் எதற்கு என்று நறுக்கி முடித்த பிறகுதான் தோன்றியது.

ஜூலை 18, வெள்ளி

பாதி மாதம் தாண்டிவிட்டது. இன்னும் ஒருவரும் அழவில்லை.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் மந்திரம் வண்டியிலிருந்து இறங்கும்போதே கையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"நாளைக்குப் பாயசம். பல் டாக்டரம்மா பாயசம்."

"எந்த டாக்டரம்மா?"

"பல்லு. ஊசி போடல. பாயசம் போடுதாங்க."

புதுரோட்டில் புதிதாகக் கிளினிக் வைத்திருக்கிற வளர்மதி டாக்டராக இருக்கும். ஆக, ஜெபக்கனி நாளை மதியத்தை டாக்டருக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணாச்சிக்கு நான் கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். அமாவாசை அன்று அவர் அப்பாவுக்குப் படைத்த சோறுதான் சாப்பிடுகிறவர்கள் வாயில் அன்றைய முதல் கவளமாகப் போக வேண்டும். பசியோடு இருக்கிறவர்களுக்குப் போட்டால்தான் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்பார். ஏற்கெனவே சாப்பிட்ட வயிற்றுக்கு அவர் போட மாட்டார். அதனால்தான் ஆடி அமாவாசைக்கு மட்டும் நான் காலை இட்லியை யாருக்கும் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பன்னிரண்டுக்கு இலை போடுவேன். இந்த வருடமும் அன்றைக்குக் காலை இட்லிக்கு ஆள் கிடையாது, கஞ்சித் தண்ணீர்தான். தினம் ஒரு வேன் வருகிற இடத்தில் யார் எந்த நாள், என்ன வழக்கம் என்பதெல்லாம் என் பாடாகவே இருந்தது, ஜெபக்கனிக்கு எப்படித் தெரியும்?

ஒரு போன் போட்டால் போதும். ஆனால் போன் கூடாது என்றுதானே சொன்னார்கள்? விதி என்றால் விதி. நான் விதியை மதிக்கிறவள். வேம்புக்கு முன்னால் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இருந்தேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

இரண்டு தடவை புடவையை மாற்றினேன். பதினொன்றரைக்கு ஆட்டோ பிடித்து இல்லத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் போய் இறங்கினேன். உள்ளே போகக் கூடாது என்றுதான் விதி. தெருவில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் வராந்தா கம்பி போட்டது. தெருவிலிருந்து எல்லாம் தெரியும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வீட்டு அண்டாக்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தன. சரியாகப் பன்னிரண்டுக்கு அண்ணாச்சியின் வேன் வந்து நின்றது.

"யாரு சாப்பாடு இது? எடுங்க இத" என்றார் அண்ணாச்சி, இறங்கியும் இறங்காமலும்.

"நாங்க ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லி ரசீது வாங்கியிருக்கோம்" என்றார் டாக்டர்.

"ரசீதா? இருவத்திரண்டு வருசமா எங்க அப்பா சோறு இங்கதாம்மா. தங்கம் டீச்சர்ட்டயே பேசியாச்சு. மொதக் கவளம் எங்க சோறுதான் உள்ள போகணும். இல்லன்னா இன்னைக்கு எங்க அப்பா பட்டினி!"

என் பெயர் தெருவுக்கே கேட்டது. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போனேன்.

இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குப் பேச்சு. உள்ளே பிள்ளைகள் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருத்தப்பாண்டி பசி பொறுக்க மாட்டான். பசி வந்தால் தலையைச் சுவரில் முட்டுவான். முட்ட ஆரம்பித்தான். அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜெபக்கனி வெளியே வந்தாள். அவள் அழவில்லை. டீச்சர் இப்படிச் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அத்தோடு தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான். டாக்டர், உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். இப்ப சாப்பிடப் போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. அவுகதான். அவுகளையே கேப்போமா?"

"அவங்களக் கேட்டு?" என்றார் அண்ணாச்சி.

"கேட்டா சொல்லுவாக அண்ணாச்சி. நாமதான் கேட்டதில்ல."

வராந்தாவின் ஒரு ஓரத்தில் டாக்டர் வீட்டு அண்டாக்களை வைக்கச் சொன்னாள். இன்னொரு ஓரத்தில் அண்ணாச்சி வீட்டு அண்டாக்கள். எல்லா மூடியையும் திறந்துவிட்டாள். "யாருக்கு எது வேணுமோ அங்கன போய் உக்காருங்க" என்றாள். கருத்தப்பாண்டியை முதலில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் இந்த அண்டாவுக்கும் அந்த அண்டாவுக்கும் நாலு தடவை நடந்தார்கள். அவசரமே படவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரோ கேட்டுவிட்டார்களே! மந்திரம் நேராகப் பாயசத்துக்குப் போனான். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. அவனைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர்.

டாக்டர் பக்கம் பத்தொன்பது, அண்ணாச்சி பக்கம் இருபத்துமூன்று. இரண்டு பந்திக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டு, ஒரே நேரத்தில் சோறு விழுந்தது.

"அம்பது பேருக்குக் கொண்டாந்தேன், இருவத்துமூணு பேருதானே இருக்காக" என்று அண்ணாச்சி முனகினார்.

"இருவத்துமூணு பேரும் உங்க சோறு வேணும்னு வந்து உக்காந்தவக அண்ணாச்சி. இத்தன வருசமும் உக்கார வச்சு போட்டோம். இன்னைக்குத்தான் தேடி வந்து சாப்பிடுதாக."

அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார்.

இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. என்னை அங்கே நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். கத்தியிருப்பேன். டாக்டரை அனுப்பியிருப்பேன். டாக்டர் அதற்குப் பிறகு எந்த நாளும் வந்திருக்க மாட்டார்.

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கடையிலேயே இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

அண்ணாச்சி மறுபடி போன் செய்தார். எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எடுத்துவிட்டேன்.

"டீச்சர், அந்தப் பிள்ள என்கிட்ட என்ன கேட்டுட்டா தெரியுமா? சாப்பாட்டுக்கு ஆளு வருசையில நிக்காங்க அண்ணாச்சி, ராத்திரி பாத்துக்கிட ஒரு நர்சுக்குச் சம்பளம் குடுக்க ஆள் இல்ல, உங்க அப்பா பேருல அந்தச் சம்பளத்த ஏத்துக்கிடுங்கன்னு நேராக் கேட்டுட்டா."

"கேட்டாளா? நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னுட்டேன். வருசம் பூரா ராத்திரி ராத்திரி அப்பா பேரு சொல்லி ஒருத்தி முழிச்சிருப்பான்னா கசக்குமா? ஆனா டீச்சர், நீங்க இத ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்லையே. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? உங்களுக்கு வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் ஒருவரிடமும் கையேந்தியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தானாக வருவது சோறு. கேட்டால்தான் வருவது சம்பளம். கேட்பது எனக்கு அவமானம் என்று இருந்ததால் நாற்பத்திரண்டு பேருக்கு ராத்திரிக்கு இடமில்லை. சுத்தமாகச் சொன்னால் இதுதான் கணக்கு.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு? அண்ணாச்சி பெயரை நான் மறக்கவில்லை. ஜெபக்கனி நோட்டோடு நின்ற அன்றைக்கே ஞாபகம் இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை, மொத்தம் பதினேழு பெயர்களை விட்டேன். பெரிய பெரிய பெயர்கள். அவள் தடுமாறி, "டீச்சர் இல்லாமல் முடியாது" என்று எல்லாரும் சொல்ல வேண்டும் என்று விட்டேன். 23ஆம் தேதி போன் செய்யாமல் இருந்தது விதிக்காக இல்லை.

கருத்தப்பாண்டியின் நெற்றி எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சாப்பிடவில்லை. மந்திரம் அவன் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தான்.

ஜூலை 28, திங்கள்

சாயங்காலம் ஜெபக்கனி வீட்டுக்கே வந்துவிட்டாள். டீச்சர் அங்கே போகக் கூடாது என்றுதான் விதி, அவள் இங்கே வரக் கூடாது என்று இல்லையாம். என்னிடமே என் வித்தை!

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரேஷன் கார்டை மேசைமேல் வைத்தாள்.

"ஜெராக்ஸ் கடைக்காரரு குடுத்தாரு. அந்தப் பச்சைச் சேலைய எனக்குத் தெரியாதா டீச்சர்? போன பொங்கலுக்கு நாங்க எல்லாரும் சேந்து எடுத்துக் குடுத்தது."

"ஜெபா…"

"இருங்க, நான் முடிச்சிக்கிடுதேன். அண்ணாச்சிட்ட நீங்க பேசினது பிரச்சின இல்ல. என்கிட்ட சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. என்னைய என்ன வேணும்னாலும் சோதிங்க. இருவத்தஞ்சு நிமிசம் அவுக பசியோட உக்காந்திருந்தாக டீச்சர். கருத்தப்பாண்டிக்கு நெத்தி பொடச்சிருச்சு. மந்திரம் அண்ணனும் அந்தக் கூட்டத்துலதானே இருந்தாக?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் மறுநாள் வேலையில் இருந்திருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு முதுகெலும்பு எப்போது வந்தது? ஒன்பது வருடம் பக்கத்திலேயே இருந்தாள், நான் பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

"நோட்ட எடு" என்றேன்.

பதினேழு பெயரையும் சொன்னேன். யார் வீட்டு வழக்கம் என்ன, யாருக்குப் போட்டோ பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது, யார் பெரிய மருமகளிடம் பேசினால் காரியம் நடக்கும், எல்லாம். எழுதி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போகும்போது ஊறுகாய் ஒரு பெரிய பாட்டில் நிறையக் கொடுத்தேன். வாசலில் நின்று சொன்னாள்.

"முப்பத்தொண்ணாம் தேதி அவரு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"நீ ஏன் சொல்லுத? நான் இருக்கேம்லா சொல்ல."

ஜூலை 30, புதன்

பச்சைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் கௌசிக். ஒரு மாதம் கழித்து என் கேட்டுக்குள் நுழைகிறேன். வராந்தா நிறையப் பெற்றோர்கள். பேச்சித்தாய் முன்வரிசையில். ஒரு ஓரத்தில் மந்திரமும் மற்றவர்களும். நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

கௌசிக் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி போன், மறைத்த பெயர்கள், ஜெராக்ஸ் கடை, எதையும் விடவில்லை. பெற்றோர்கள் முன்னால் சொன்னேன். பேச்சித்தாயைப் பார்த்து, "உன் மகன் நெத்தியில காயம் ஆனதுக்கு நாந்தான் காரணம்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்டிஷன மீறிட்டீங்க மேடம்" என்றார் கௌசிக்.

"மீறிட்டேன். அதுக்குக் கட்டடத்த நிறுத்திராதீங்க. நான் இதுவரைக்கும் யார்ட்டயும் எதையும் கேட்டதில்ல. இப்ப கேக்கேன். இவுகளுக்கு ராத்திரிக்கு எடம் வேணும். குடுங்க."

கை கூப்பியிருந்தேன். என் கைதான் அது. அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

கௌசிக் கொஞ்ச நேரம் காகிதங்களைப் புரட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "கண்டிஷன் உங்களுக்குத்தான் மேடம். இல்லம் ஓடுதான்னு பாக்கத்தான் நான் வந்தேன். நீங்க கவுக்கப் பாத்தும் ஓடியிருக்கு. இதவிட எனக்கு என்ன சாட்சி வேணும்?" என்று பேனாவைத் திறந்தார்.

கைதட்டல். பேச்சித்தாய் எழுந்து நின்று கத்தினாள். "டீச்சருக்கு அப்புறம் நம்ம ஜெபா பாப்பா இருக்கா! இனி எனக்குச் சாவு வந்தாலும் சரிதான்!"

கேட்க வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முப்பது நாளாக, இல்லை, முப்பது வருடமாகத் தொண்டையில் நின்றது. கேட்டுப் பழகிய வாய் இல்லையே. எல்லாரும் பார்க்கக் கேட்டேன்.

"ஜெபா, இப்ப நான் டீச்சரா கேக்கல. மந்திரத்துக்கு அக்காவா கேக்கேன். எனக்கு அப்புறம் அவன நீ பாத்துக்கிடுவியா?"

பாத்துக்கிடுதேன் டீச்சர் என்று சொல்லுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும்தான். இதே கேள்வியைப் பிள்ளையைச் சேர்க்க வருகிற அன்றைக்கு ஒவ்வொரு தாயும் என்னிடம் கேட்பாள். நான் இருக்கேம்லா என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

ஜெபக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன் டீச்சர்."

கையை விடாமலே பெற்றோர்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னா, எனக்கு ஒண்ணு ஆயிட்டா திரும்பவும் எல்லாரும் தெருவுல நிக்கணும். யாரும் என்னைய நம்பி விட்டுட்டுப் போகாதீங்க. இந்த வேம்ப நம்பி விடுங்க. எனக்கு அப்புறம் வாரவளும் பாத்துக்கிடுவா. அவளுக்கு அப்புறம் வாரவளும் பாத்துக்கிடுவா. அப்படி எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிட்டுத்தான் நான் போவேன்."

பேச்சித்தாய் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் அழுதாள். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். எந்தத் தாய்க்கும் எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை முப்பத்துநாலு வயதுப் பிள்ளை நின்ற இடத்தில் சொல்லிவிட்டாள்.

நானும் அழுதேன். பெருமையில் அழுதேன். வேறு காரணம் ஏதாவது யாராவது சொன்னால் அது பொய் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.